வலன்ஸ் பலகை

முதலில் கழுவ வேண்டும்.
கழுவாமல் சுரண்டினால்
உப்பை மரத்துக்குள்ளேயே தேய்த்து ஏற்றுகிறோம்.
போன முறை கழுவவுமில்லை, சுரண்டவுமில்லை.
தீபாவளி வருகிறதென்று
அழுக்கின் மேலேயே பூசினோம்.
மார்கழி மழைக்கு அது
பொரித்த அப்பளமாய்க் கொப்பளித்தது.

டைக் வீதியில் கடல்
வீட்டுக்குப் பின்னால் இல்லை,
வீட்டின் மேல் இருக்கிறது.
பலகையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தால் தெரியும்.

நல்ல தண்ணீர் இரண்டு வாளி,
சலவைத்தூள் ஒரு கை, தும்புப் பிரஷ்.
பிறகு இரண்டு நாள்
கச்சான் காற்றிடம் விட்டுவிட்டேன்.
கூலி கேளாமல் வேலைக்கு வரும் ஆள்
இந்த ஊரில் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை ஏணி.
வாயைக் கட்டிக்கொண்டு
ஈரமாக்கி ஈரமாக்கிச் சுரண்டுகிறேன்.
பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும்,
தூசு பறக்கக் கூடாது என்றான் ஹார்ட்வெயார் றிஸ்வி.
சொல்லிவிட்டு முகமூடியும் விற்றான்.
மகன் சங்கீர்த்தனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியாயிற்று.
மானைத்தான் சாத்த முடியாது.
பஸ் நிலையத்தில் கடதாசி தின்று அலுத்த
ஒரு பெட்டைமான்
செதில் விழும் படங்கில் வந்து மூக்கை வைக்கிறது.
மேலே நின்று "சூ" என்கிறேன்.
நிமிர்ந்து பார்க்கிறது,
வேறு யாரையோ சொன்னேன் என்பதுபோல.
இறங்கி விரட்டி, ஏறி,
இறங்கி விரட்டி,
அரை நாள் இதிலேயே போனது.

சுரண்டுவதில் ஒரு நியாயம் உண்டு.
தகடு நுழைந்தால் அது போக வேண்டியது.
நுழையாவிட்டால் இருக்கட்டும்,
எத்தனை வயதானாலும், என்ன நிறமானாலும்.
எல்லாவற்றையும் உரித்து
வெறும் மரம் பார்க்க நினைப்பது
சுத்தம் இல்லை, கோபம்.
மத்தியானத்துக்கு மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.
நன்றாய் ஒட்டியிருந்த ஒரு முழத்தையும்
உரித்துப் போட்டேன்.

அப்படியே நடுவுக்கு வந்துவிட்டேன்.
இது இரட்டை வீடு.
நடுச்சுவர் ஒன்று, கூரை ஒன்று,
முப்பதடிப் பலகையும் ஒன்று.
என் பாதி கபிலம்,
இமெல்டா அக்காவின் பாதி பச்சை.
பீலித் தண்ணீர் யார் வளவில் விழுவது என்பதில்
மூன்று வருடமாக நாங்கள் கதைப்பதில்லை.

கபிலத்தின் கீழே நீலம்.
பச்சை உரிந்த இடத்திலும் அதே நீலம்.
அர்த்தமொன்றும் தேடவில்லை நான்;
அந்தக் காலத்தில் கடையில் அதுதான் இருந்திருக்கும்.
என் கவலை வேறு.
எல்லையில் நறுக்கென்று நிறுத்தினால்
ஒரு படி நிற்கும்.
படியில் தண்ணீர் தங்கும்.
தங்கினால் முதலில் என் பக்கம்தான் உரியும்.
உப்பைக் கழுவிய பலகையை
உப்புத்தாளால் சாய்த்துத் தேய்த்து
விளிம்பு விரலுக்குத் தெரியாமல் கரைக்க வேண்டும்.
அதற்கு ஒரு சாண்
பச்சைக்குள் போக வேண்டும்.

போனேன்.

ஜன்னல் திறந்தது.
"மான் துரத்திறவை சத்தமில்லாமல் துரத்தலாம்"
என்று முற்றத்துக்குச் சொல்லிவிட்டு
ஜன்னல் மூடியது.

பச்சை அழகாகத்தான் இருந்தது,
ஆணிக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மெத்தென்று.
ஸ்குரூ ட்ரைவரால் குத்திப் பார்த்தேன்.
கைப்பிடி வரை இறங்கியது.
உள்ளே புட்டு மாதிரி உதிர்கிறது மரம்.
சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?
குத்தியதைக் குத்தியபடியே விட்டுவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது
ஸ்குரூ ட்ரைவர் துடைத்துப் படங்கின் மேல் கிடந்தது.
மேலே பச்சையில்
உக்கிய இடத்தைச் சுற்றித்
தையல் சோக்கால் ஒரு வட்டம்.
என் ஏணியில் ஏறித்தான் போட்டிருக்க வேண்டும்.
ஜன்னல் மூடியேதான் இருந்தது.

ஐப்பசிக்கு இன்னும் ஐந்து கிழமை.
றிஸ்விக்கு அழைத்தேன்:
புட்டி ஒரு கிலோ சொன்னேன் அல்லவா,
இரண்டாய் அனுப்பு.