பதினொரு செக்கன்

சனி ஏழு மணிக்கு மேல்
டியூஷன் வகுப்பு எங்களுடையது.
வாடகை இல்லை.
மாஸ்டரின் ஆறு பழைய கணினிகளுக்கும்
லினக்ஸ் ஏற்றிக் கொடுத்திருக்கிறோம்.
ஏழாவது எரிந்துபோனதை
அவர் இன்னும் மறக்கவில்லை.

வெள்ளவத்தை, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
வெண்பலகையில் உயர்தர இரசாயனம்,
மூலையில் 'அழிக்க வேண்டாம்'.
ஆகவே பென்சீன் வளையத்துக்குள்ளேயே
இன்றைய விடயங்களை எழுதுகிறான் பசிந்து,
பாதி சிங்களத்தில்,
மீதி அம்புக்குறிகளில்.

வருவோம் என்றவர்கள் பதினான்கு.
வந்தவர்கள் ஒன்பது.
மாலுபாண் பதினான்கு.

போட்காஸ்ட் பதிவுக்கு முன்
மின்விசிறியை நிறுத்த வேண்டும்,
ஜன்னலைச் சாத்த வேண்டும்,
மைக்குக்கு ஒரு காலுறை மாட்ட வேண்டும்.
கடலோர ரயிலை மட்டும்
ஒன்றும் செய்ய முடியாது.

நான் பேசுவதில்லை. வெட்டுகிறவன்.
ஞாயிறு முழுக்க
பிறர் குரல்களிலிருந்து
'அது வந்து'களைப் பொறுக்கி எறிகிறேன்.
ஒரு மணித்தியாலத்தில்
இம்தாதுக்கு மட்டும் எண்பத்திரண்டு.

அன்று விருந்தினர் ஜெனோவா.
கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள்.
துறைமுகச் சரக்கு விடுவிக்கும் கந்தோர் ஒன்றில்
பகல் முழுக்கப் பெட்டி இலக்கங்கள் தட்டுபவள்.
எங்கள் நூலகச் செயலியில்
நாலு வருடமாய் நாங்கள் காணாத பிழையை
ஏழு வரியில் திருத்தி அனுப்பியவள்.
"நாங்க ஆம்பிளை எண்டு நினைச்சிருந்தோம்"
என்றான் இம்தாத்.
அதை வெட்டிவிட்டேன்.

பிழை இதுதான்:
'கொ'வைச் சிலர் ஒரே துண்டாய்த் தட்டுவார்கள்.
சிலர் கொம்பைத் தனியே, காலைத் தனியே.
திரையில் இரண்டும் ஒன்று.
இயந்திரத்துக்கு அவை
ஒரே வீட்டில் பேச்சில்லாத இரண்டு பேர்.
ஆகவே கொழும்பு என்று தேடினால்
கொழும்பு கிடையாது.
கொட்டாஞ்சேனை கிடையாது.
கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி
ஒன்றும் கிடையாது.
வெள்ளவத்தை தப்பியது.
அதற்குக் கொம்பு மட்டும்தான், கால் இல்லை.
அதனால்தான் எங்களுக்கு
இது தெரியாமலே இருந்தது.

"சம்பளமில்லாத வேலை. ஏன் செஞ்சீங்க?"

அவள் காலுறையைப் பார்த்தாள்.

அலைவரைபில் அது ஒரு நேர்கோடு.
பெரிதாக்கிப் பார்த்தால் நேர்கோடில்லை:
ஒரு வாங்கு முனகுகிறது,
யாரோ மாலுபாணை மெல்லாமல் விழுங்குகிறார்கள்,
பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து
தண்டவாளம் மெதுவாய்ச் சொல்லத் தொடங்குகிறது.
பதினொரு செக்கன்.
பிறகு,

"தேடினேன். வரல்ல."

அவ்வளவுதான்.
ரயில் வந்து மற்றதைக் கொண்டுபோனது.

மைக் அணைந்த பிறகு
கைப்பையைக் கொட்டிக் காட்டினாள்.
அடையாள அட்டையில் ஜெனோவா,
வாக்காளர் பட்டியலில் ஜினோபா,
சம்பளச் சீட்டில் ஜெனீவா.
"வங்கிக்கு நான் மூண்டு பேர்" என்று சிரித்தாள்.
அது பதிவில் இல்லை.
மிஞ்சிய மாலுபாண் ஐந்தில்
இரண்டை டிஷூவில் சுற்றிக்கொண்டு
கடைசி பஸ்ஸுக்கு இறங்கினாள்.

என் மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு:
இரண்டு செக்கனுக்கு மேற்பட்ட மௌனங்களைத்
தானே சுருக்கிவிடும்.
யாரோ, எங்கோ,
அவரும் சம்பளமில்லாமல் எழுதியது.
மனதுக்குள் நன்றி சொல்லி
அணைத்து வைத்தேன்.

இருபத்தேழாம் நிகழ்ச்சியை
செவ்வாய் இரவு வரை
நாற்பத்தொரு பேர் கேட்டிருக்கிறார்கள்.
அந்த இடம் வந்ததும்
போன் நின்றுபோனதென்று நினைத்துப்
பாதிப் பேராவது
திரையைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

பிறகு ரயில் வந்திருக்கும்.