இலைச்சுருட்டை

கேத்தியில், போஜனின் இரண்டாம் அடுக்கு நிலத்தில்
உருளைக்கிழங்குச் செடிகள் இலையைச் சுருட்டிக்கொண்டன,
ஓரம் மஞ்சளாகி, பீடி போல.
நான் பறித்தது முந்நூறு கிராம்.
"எல்லாத்தையுமே எடுத்துக்குங்க" என்றார்.

அரைத்து, வடித்து, சுழற்றி, மறுபடி சுழற்றி,
குன்னூர் ஆய்வகத்தில் இரண்டு முறை கரண்ட் போய் வந்தபின்
குப்பியின் அடியில் மிஞ்சியது
கலங்கலா தெளிவா என்று சொல்ல முடியாத கொஞ்சம் நீர்.
நாலு அனுமதிக் கடிதத்தோடு
ஐஸ் பெட்டியில் அது கடல் தாண்டிப் போனது.
எனக்கு விசா வரவில்லை.

இரவு இரண்டு மணி. பெட்ஃபோர்டில் வாடகை அறை.
திரையில், எங்கோ ஒரு சுரங்கத்தின் முனையில்,
தலைமுடியைவிட மெலிந்த நீர்த்தாரை.
குறுக்கே எக்ஸ் கதிர் லேசரின் துடிப்பு.

எவ்வளவு நேரம் என்று கேட்டாள் அறைத்தோழி சுகிர்தா.
ஒரு நொடியைக் கோடியாய் வெட்டு.
ஒரு துண்டை எடுத்து
அதையும் கோடியாய் வெட்டு.
அதில் நாலைந்து.
"தூங்கு" என்றாள்.

அந்த நாலைந்துக்குள்
எந்த வைரஸும் புரண்டு படுக்க முடியாது.
நின்ற கோலத்திலேயே ஒளி அதைத் தொட்டுச் சிதறும்,
பிறகுதான் அது வெடிக்கும்.
சேதி முந்திவிடுகிறது,
சாவு பின்னால் வருகிறது.

தனிப் படம் எதுவும் ஒன்றும் சொல்லாது.
தரையில் ரவை சிந்தியதுபோல் பொட்டுப் பொட்டு.
நீருக்குள் நூறு வைரஸ், நூறு திசை பார்த்தபடி.
எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால்
வழுவழுவென்று ஒரு வளையம்,
அதில் யாருடைய முகமும் இராது.
அதனால் ஒவ்வொரு படத்தையும் தனியே நிறுத்திக் கேட்டேன்:
இங்கே வெளிச்சம் கூடும்போது
வளையத்தில் வேறெங்கே கூடுகிறது?
எட்டு லட்சம் முறை
அதே கேள்வி.

நாலு மணிக்கு மறுபடி கரண்ட் போனது.
ஜன்னலுக்கு வெளியே மேகம் ரோட்டில் இறங்கியிருந்தது.
கிழங்கு மூட்டைகளோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் லாரி.
அதன் ஒற்றை விளக்கைச் சுற்றி மங்கலாய் ஒரு வளையம்.
துளி சிறுத்தால் வளையம் பெருக்கும்.
நான் சம்பளம் வாங்கிச் செய்வதை
இந்த ரோடு சும்மா செய்கிறது.
கொண்டை ஊசி வளைவில்
லாரி திரும்பியதும் அழிந்தது.

ஏழு மாதம் கழித்து உருவம் வந்தது. இருபது முகம்.
அச்செடுத்து ஹட்டிக்குக் கொண்டுபோனேன்.
போஜன் தாளை ஒருமுறை திருப்பினார், இன்னொரு முறையும்.
"இதுல மேல் எது?"
அப்படி ஒன்று இல்லை என்றேன்.
"பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்றார்,
அது தப்பு என்பதுபோல.

இந்த போகம் கேரட் போட்டிருக்கிறாராம்.
பேசிக்கொண்டே தாளைச் சுருட்டினார்,
ஓரத்திலிருந்து உள்பக்கமாக.