கதவு மூடும் சத்தம்

சாகினா தெருவில் பழைய கார் விற்கிற முற்றம்.
அடுத்தடுத்து இரண்டு கேடிலாக்,
இரண்டின் முதுகிலும் அதே வி.
ஒன்று இரண்டாயிரத்து நான்கு. மற்றது ஒன்பது.

"இது நானூறு குதிரை" என்கிறான் ப்ராடி ஹுக்ஸ்ட்ரா.
"அது ஐந்நூற்று ஐம்பத்தாறு" என்று கூரையைத் தட்டுகிறான்,
எல்லாம் அவன் கொட்டிலில் ஈன்றவை போல.

நான் குதிரை எண்ண வரவில்லை.
கதவைத் திறந்தேன். மூடினேன்.
மறுபடி திறந்தேன்.

லான்சிங் ஆலையில் பதினேழு வருடம்
கதவு வாசலைச் சுற்றி ரப்பர் பட்டி பதித்தவள் நான்.
எத்தனை கார் என்று கேட்காதீர்கள்,
என் வலது கட்டைவிரலைக் கேளுங்கள்,
மழைக்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும்.
இந்தக் கார்களின் முகத்தை நான் சரியாகப் பார்த்தது
சம்பளம் நின்ற பிறகுதான்.

பழையதை முதலில் ஓட்டினேன்.
கிளட்ச் கல்லாக இருந்தது, இடது முழங்கால் முனகியது.
பச்சை விளக்கில் கொஞ்சம் அவசரப்பட்டேன்;
பின்சக்கரங்கள் எண்ணெயில் விழுந்த கடுகாய்த் துள்ளின.
உள்ளே பிளாஸ்டிக், வாடகைக் காரின் பிளாஸ்டிக்.
ஆனால் ஒளிவுமறைவு இல்லை அதற்கு,
கோபம் வந்தால் கோபம்.

புதியது வேறு ஜாதி.
தையல் போட்ட தோல், இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் இருக்கை.
நூற்றிருபத்தேழாம் சாலையில் ஏறி மிதித்தேன்.
மூடிக்கு அடியில் ஏதோ பல்லைக் கடித்துக்கொண்டு ஊளையிட,
வயிறு மட்டும்
ஹோல்ட் வெளிவாசலிலேயே நின்றுவிட்டது.
ப்ராடி சிரித்தான். நானும்தான்.

திரும்பி வந்து, பின்கதவு, வலது பக்கம்.
மூடினால் 'தும்' என்று கேட்கவேண்டும்.
'தும்ஸ்' என்றது.
மிதியடி விரிப்பைத் தூக்கினேன்: ஈரம்.
சட்டத்தில் ஒட்டிய தாளைப் படித்தேன்:
ஏப்ரல், இரண்டாயிரத்து ஒன்பது.

கம்பெனி மூழ்கும் என்று
சாப்பாட்டு மேஜைகளில் எல்லாம் பேசிய வசந்தம் அது.
இரவு ஷிப்டில் அந்தக் கதவு என்னுடையது.
கீழ் மூலையில் ஒரு விரலளவு
பட்டி உதட்டைச் சுளித்துக்கொண்டு வெளியே நிற்கிறது.

"தண்ணீர் கசிகிறது" என்றேன்.
"ஆலையில் யாரோ ஒழுங்காக வேலை செய்யவில்லை."
முகம் கொஞ்சமும் மாறாமல் சொன்னேன்.
ப்ராடி குனிந்து பார்த்தான், உச்சுக்கொட்டினான்,
"அந்தக் காலத்து ஆட்களே அப்படித்தான் அம்மா" என்றான்.
அறுநூறு டாலர் குறைத்தான்.

கையெழுத்துப் போட்டேன்: லோர்னா வாண்டர்மோலன்.
பழையதின் கூரையை ஒருமுறை தட்டினேன்,
அதன் நான்கு கதவும் 'தும்'தான்.
பிறகு ஏன் இதை வாங்கினாய் என்று
என் தங்கை கேட்பாள். கேட்கட்டும்.

முதல் சிவப்பு விளக்கில் இறங்கிப்போய்ப்
பின்கதவைத் திறந்து கட்டைவிரலால் அழுத்தினேன்.
உட்கார்ந்தது.
இரண்டு நொடி.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
அன்றும் இப்படித்தான்,
அடுத்த கார் வந்துவிட்டது.