முகமூடியின் உட்புறம்

காலையிலிருந்து விழுந்து பழகுகிறான்
என் கணவன் நௌசிக்ராத்தேஸ்.
துயரம் தாளாமல் ஒரு பெண்
எப்படித் தரையில் சரிவாள்?
முழங்கை இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.
"நீ விழுந்து காட்டு" என்றான்.
தறியை விட்டு எழுந்து விழுந்தேன்.
"இன்னும் கொஞ்சம் அழகாக."

தாடி மழித்து எட்டு நாளாகிறது.
கல்யாணத்துக்கு நான் நெய்த
குங்குமப்பூச் சாயமேற்றிய ஆடை
அவன் தோளில் பிதுங்குகிறது;
ஊசி இரண்டும் வளைந்துவிட்டன.

முற்றத்தில் காய்கிறது முகமூடி.
பழந்துணி, பசை, மேலே வெள்ளை ஈயம்.
ஆண் முகம் என்றால் பழுப்பு பூசுவார்கள்.
இது வெயில் படாத நிறம்.
பதினாறு வருஷம் வீட்டுக்குள் இருந்து
நான் சேர்த்த நிறம்
ஏதென்ஸ் சந்தையில்
ஒரு சிமிழ் இரண்டு ஓபோல்.

வாயை மட்டும் அகலமாக
வெட்டி விட்டிருக்கிறார்கள்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்
எங்கள் வாசலில் கம்பளி தொங்கியிருக்க வேண்டும்.
ஆண் பிறந்தால் ஒலிவக் கிளை,
பெண் பிறந்தால் கம்பளி.
நல்ல வெள்ளைக் கம்பளியாகச்
சிக்கெடுத்து வைத்திருந்தேன்.
பத்தாம் நாள் பேர் வைப்பது வழக்கம்.
ஏழாம் நாள், விடியுமுன்,
மாமனார் உள்ளேபோய்ப் பானை ஒன்றை
எடுத்து வந்து கொடுத்தார்.
பானையோடு போனவன் கைவீசித் திரும்பினான்.
கால் கழுவத் தண்ணீர் கேட்டான்.

அன்றிரவு நான் சொன்னது இவ்வளவுதான்:
"பத்து மாதம் என் வயிற்றில் இடமிருந்தது.
பத்து நாள் உன் வீட்டில் இடமில்லையா?"
அவன் விளக்கை அணைத்தான்.
நடிகனுக்கு ஞாபகசக்தி அதிகம்.

இப்போது அதை ஓர் அரசி சொல்கிறாள்.
புலவனிடம் இவன் சொல்ல,
அவன் அசை பிரித்து அடியில் பொருத்தியிருக்கிறான்.
கூடத்தில் ஒத்திகை நடக்கும்போது
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
வசதியாகப் போயிற்று.

நெற்றியில் உறுத்துகிறதாம் முகமூடி.
"உள்ளே மெத்தென்று ஏதாவது வைத்துத் தை."
பெட்டிக்கு அடியிலிருந்த
அந்தக் கம்பளியை எடுத்தேன்.
அவனுக்குத் தெரியாது.
பொடித் தையலாகப் போட்டேன், பிரியாதபடி.

பெண்கள் நாடகம் பார்க்கலாம் என்பார் சிலர்,
கூடாது என்பார் சிலர்.
எங்கள் வீட்டில் அந்த விவாதமே கிடையாது.
மாமனாருக்கு மெத்தை சுமந்துகொண்டு
திராக்கியாள் போனாள்.
திரேஸிலிருந்து வாங்கியதால் அந்தப் பேர்.
அவள் அடிமை; அதனால் தெருவில் நடக்கலாம்.

மாடி ஜன்னலருகே நின்றேன்.
குன்றுப் பக்கமிருந்து ஒன்றும் கேட்கவில்லை.
வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.
பிறகு கேட்டது.
பல்லாயிரம் ஆண்கள்
ஒரே சமயத்தில் மூச்சு விட்டால்
காற்று அடித்த மாதிரி இருக்கும்போல.

"எல்லாரும் அழுதார்கள் அம்மா" என்றாள் திராக்கியாள்.
"பெரியவர்கூட. மேலாடையால் கண்ணைத்
துடைத்துத் துடைத்து,
என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்."

ஐவிக் கொடி சூடி, நள்ளிரவில் வந்தான்.
"அது என் வாக்கியம்" என்றேன்.
"எது?"
சொன்னேன்.
யோசித்தான். பொய்யாக அல்ல, நிஜமாகவே யோசித்தான்.
"இருக்கலாம்" என்றான்.
"ஆனால் உன் குரலில் அது எடுபடாது."

மறுநாள் காலை, ஆண்கள் வெளியே போனபின்
தறிக்கு முன்னால் நின்று
உரக்க ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
குரல் நடுவில் பிசிறியது.
கம்பளி கோதிக்கொண்டிருந்த திராக்கியாளின் கை நின்றது.
தன் பாஷையில் ஏதோ சொன்னாள்,
நீளமாக, என்னைப் பார்க்காமல்.
கடைசியில் இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள்.

எனக்குப் புரிந்தது.
அறுந்த நூலைத் தேடுவதுபோல் குனிந்து
"கஞ்சி அடிபிடிக்கிறது, போய்ப் பார்"
என்றேன்.