நாற்பது கிராம்

மணற்காட்டில் சோழகம் ஓய்ந்த மூன்றாம் நாள்.
கரையில் நின்றது நான். இழுத்தது நீர்.

துருவேறாத தகட்டை நெல்லியடி லேத்தில்
நானே வெட்டி, அராவி, வயிற்றில் சற்று வளைத்திருந்தேன்.
கைக்குள் அது உடைந்த கரண்டி.

நேரே எறிந்தேன்.
மூன்றாம் அலைக்கு அப்பால் விழுந்தது.
எண்ணினேன்.
நேற்று ஏழில் தொட்ட மணலை
இன்று பத்திலும் தொடவில்லை.
தங்கூசி வில்லாய் வயிறு தள்ள
என்னைக் கேளாமலே போயிற்று தகடு
மண் மூடிய கோயில் பக்கம்.

வேகமாய்ச் சுற்றினால்
நீர்மேல் ஏறிப் பம்பரமாகிறது,
தங்கூசி முறுக்கேறிக் குருவிக்கூடு.
மெதுவாய்ச் சுற்றினால்
பாசியைக் கட்டிக்கொண்டு வருகிறது.

நெத்தலி காயப்போட வந்த பெனடிற்றா கேட்டாள்:
"உந்தத் தகரத்தைத் தின்ன
எந்த மீனுக்கு அண்ணை விசர்?"

பதில் இல்லை.
இருபது எட்டு நடந்து
ஓட்டம் வரும் பக்கமாய் எறிந்தேன்.
சுற்றவில்லை.
தளர்ந்ததை மட்டும் எடுத்தபடி நின்றேன்.
விரல்நுனியில் ஒரு துடிப்பு,
கூட்டம் தவறிய சூடையின் துடிப்பு.
நான் கொடுத்ததல்ல;
வளைவும் நீரும் தமக்குள் பேசிக்கொண்டது.

எனக்கு நேரே வந்து, கடந்து,
நூல் நிமிர்ந்து தகடு தலைதிருப்பும் இடத்தில்
அடித்தது.

பாரை என்று நினைத்தேன். கட்டா.
முழத்துக்குக் கொஞ்சம் குறைவு.

பெனடிற்றா மீனைப் பார்க்கவில்லை.
கொக்கியைக் கழற்றித் தகட்டை வாங்கி
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இன்னுங் கொஞ்சம் வளைச்சால்?"