விதி ஏழு

சோஹார் தொழிற்பேட்டையில்
பிவிசி குழாய் இழுக்கும் மூன்றாம் ஷெட்டுக்குப்
புது மென்பொருள் வந்திறங்கியது.
ஆறு திரைகள். ஒரு சர்வர்.
கேட்காமலே சிவக்கும் வரைபடம்.

"கலைச்சொற்கள் சுவரில் இருக்க வேண்டும்,
இந்தி, நேபாளி, வங்காளம், தமிழ்.
தமிழுக்கு நீ" என்றார் ஷம்ஸா மேடம்.
"வியாழனுக்குள்."

சாம்பிள் என்றால் மாதிரி.
எழுதிவிட்டு நிமிர்ந்தால்
வெட்டிய ஐந்து துண்டும் மேசைமேல்
குழாய் மாதிரியே கிடக்கின்றன.
வாயால் சொன்னால் மீன், பொருள் சராசரி.
மாசானமுத்து தூத்துக்குடிக்காரன், விடுவானா:
"அப்போ இன்னிக்கு மெஸ்ஸுல
சராசரிக் குழம்பாண்ணே?"

மேல் வரம்பு, கீழ் வரம்பு.
இரண்டுக்கும் நடுவே புள்ளி ஆடுவது
குற்றமில்லை என்கிறது கையேடு.
பிசினில் ஏறிய ஈரம், அச்சின் சூடு,
ஷட்டரைத் தூக்கும்போது நுழையும் கடற்காற்று,
எல்லாம் சேர்ந்து கொஞ்சம் அசைக்கும்,
ஒருவர் பேரில் போடாதே.
அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் வைத்தேன்.

ரூல் என்பதற்கு
நெறி, நியதி எல்லாம் போட்டுப் பார்த்து
கடைசியில் விதி என்றே விட்டுவிட்டேன்.
எட்டு விதிகள்.
வரம்பைத் தாண்டினால் ஒன்று,
ஒரே பக்கம் ஒன்பது புள்ளி நின்றால் இரண்டு.
ஏழாவதைத்தான் திரும்பப் படித்தேன்:
பதினைந்து புள்ளிகள் தொடர்ந்து
நடுக்கோட்டை ஒட்டியே நின்றால்
மணி அடிக்கும்.

ஒன்றும் நடக்காததற்கு எதற்கு மணி?

புதன் இரவு ஒரு மணிக்கு அடித்தது.
நாலாம் லைன், சுவர்த் தடிமன்:
4.20, 4.21, 4.20, 4.20, 4.21,
ஆறு மணி ஷிப்ட் தொடங்கியதிலிருந்து
அரை மணிக்கொன்றாய் எறும்பு ஊர்ந்த கோடு.

போய்ப் பார்த்தேன்.
காலிப்பர் பெட்டிக்குள்ளேயே இருந்தது,
பெட்டிமேல் வெள்ளைத் தூள்.
பிசின் மூட்டையில் சாய்ந்திருந்தான் மாசானமுத்து.
ரூம்மேட்டுக்குக் காய்ச்சல்,
அவன் பகலையும் இவனே பார்த்திருக்கிறான்.

"நல்ல நம்பராத்தானேண்ணே போட்டேன்?"

"அதான்டே காட்டிக்கொடுத்துச்சு."

இருவருமாக அளந்தோம்.
4.08. 4.33. 4.16. 4.29. 4.11.
அத்தனையும் வரம்புக்குள்.
பொய் சொல்லியிருக்கவே வேண்டாம்,
குழாய் பாட்டுக்கு
ஆடியபடி வந்துகொண்டிருந்தது.

காரணம் தேர்ந்தெடு என்றது திரை:
இயந்திரம், பொருள், முறை, ஆள், அளவீடு.
ஆள் என்ற சொல்மேல்
சுட்டி கொஞ்ச நேரம் நின்றது.
அவன் என் விரலையே பார்த்தான்.
அளவீடு என்று அழுத்தினேன். அதுவும் உண்மைதானே.
அவனை எழுப்பி அனுப்பிவிட்டு
விடியும்வரை நானே அளந்தேன்.

வெள்ளிக்கிழமை பியூலாவின் அழைப்பு.
சாப்பிட்டாச்சா? ஆச்சு.
உடம்பு? நல்லாருக்கு.
வேலை? அது பாட்டுக்குப் போகுது.

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு மெல்ல,
"எல்லா வெள்ளியும்
ஒரே மாதிரியே சொல்லுதீங்க."

எண்ணிப் பார்த்தேன்.
பதினைந்தைத் தாண்டி
எத்தனையோ வாரம்.

கேம்ப் கதவுக்கு வெளியே
யாரோ துவைத்த சட்டையை உதறினார்கள்.
சம்பளம் இரண்டு மாதமாய்ப் பாதிதான் வருகிறது.
கடனில்தான் உனக்கு முழுதாய் அனுப்புகிறேன்.
இதையா முதலில் சொல்வது?
சின்னதாக ஒன்றைத் தேடினேன்,
கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி.

"பல் வலிக்குது பியூலா. மூணு வாரமா."

"எந்தப் பக்கம்?" என்றாள் உடனே,
கையில் பேனாவோடு இருந்தவள்போல.