ஈரக் கழிவு

கம்பெனிக் கடிதத்தை நாலாய் மடித்து
ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள் நம்புத்தாய்.
பாம்பன் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
மேஜையில் விரித்தபோது
தாளிலும் கொஞ்சம் ஈரம்.

ஆங்கிலத்தில் நான்கே வரி.
ஈரக் கழிவு பத்து சதவீதத்திலிருந்து
பதினைந்து ஆகிறது.
இது வெறும் ஐந்து சதவீத உயர்வு மட்டுமே.
தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

"இது என்னது?"
அவள் விரல் தொட்டது
எண்ணுக்குப் பின்னால் நின்ற குறியை.
சாய்ந்த ஒரு கோடு, மேலே ஒரு சுழி, கீழே ஒரு சுழி.
"என் முங்குக் கண்ணாடி மாதிரியே இருக்கு.
போன மாசம் பாறையில மோதி
நடுவுல ஒடிஞ்சுச்சே, அது."

சிரித்தேன். அவள் நிறுத்தவில்லை.

"காஞ்ச பாசி நாப்பது கிலோ போட்டா
நாலு கிலோவ ஈரம்னு தள்ளுவாக.
இனி ஆறு கிலோ.
நாலோட அதுல பாதியும்ல கூடியிருக்கு?
நூத்துக்கு அஞ்சுன்னு எந்தக் கையால எழுதுனாக?"

பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே இருப்பது
ஐந்து சதவீதமல்ல,
ஐந்து சதவீதப் புள்ளி.
ஆங்கிலத்தில் அந்தப் புள்ளியை எழுதாமல் விட்டால்
ஐம்பது ஐந்தாய்ச் சுருங்கிவிடும்.
காய்ந்த மரிக்கொழுந்துப் பாசிகூட
அவ்வளவு சுருங்காது.
புள்ளி வைக்காத எழுத்து மெய்யாகாது என்று
ஒன்றாம் வகுப்பிலேயே தலையில் குட்டி
எனக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது.

பதில் எழுத உட்கார்ந்தோம்.

டைப்ரைட்டிங் ஹையர் படிக்கையில்
ராமநாதபுரத்தில் எனக்குக் கிடைத்த விதிகள்:
வாக்கியத்தை எண்ணுருவில் தொடங்காதே.
குறியைப் போடாதே, சொல்லாய் அடி.
பர், ஒரு இடைவெளி, சென்ட்.
இன்று என் கணினி
அந்த இடைவெளியைக் கண்டால்
சிவப்பாய்க் கோடு இழுக்கிறது.
நமக்கு மட்டும் என்ன வாழ்கிறது,
சதவீதம், சதவிகிதம், விழுக்காடு,
ஆளுக்கொரு எழுத்து.
சின்னப்பாலத்தில் மூன்றும் செல்லாது,
நூத்துக்கு இத்தனை, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது.
அறுபது சதவீதம் பாசி என்றால் வினை ஒருமை.
அறுபது சதவீதம் பெண்கள் என்றால் பன்மை.
சதவீதத்துக்கென்று சொந்தமாய் இரண்டுமில்லை;
பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான்
ஆங்கிலம் பேசும்.

விளக்கிச் சொன்னேன்.
முந்தானையால் கழுத்து உப்பைத் துடைத்தபடி கேட்டாள்.
"அப்ப பாசிய எடுத்துட்டு
எங்களப் பின்னால நிறுத்து."

மறுநாள் நின்றார்கள்.
வெயிலில், கடைவாசலில்,
விரல் நுனியில் சுற்றிய துணியை அவிழ்த்து
மை தொட்டும் பேனா பிடித்தும்.
வல்லத்தில் தீவுப்பக்கம் போகிறவர்கள் எண்பத்திரண்டு பேர்,
கையெழுத்து ஐம்பத்தொன்று.
மீதிப்பேர் கம்பெனியில் முன்பணம் வாங்கியவர்கள்,
அவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கால்குலேட்டரைத் தட்டி
அறுபத்திரண்டு புள்ளி ஒன்று ஒன்பது என்றேன்.
"புள்ளிக்கு அங்கிட்டு நிக்கிறது யாரு?
ரெஜினாவா, ராக்கம்மாவா?
வெட்டிக் கூறு போட்டுறாத."
அழித்துவிட்டு
எண்பத்திரண்டில் ஐம்பத்தொருவர் என்று
ஆங்கிலத்தில் அடித்தேன்.
வாக்கியத்தின் முதல் சொல்லே அதுதான்,
எனவே எண்ணுரு இல்லை,
பெரிய எழுத்தில் தொடங்கியது.

பிரின்ட் வந்தது.
இருபது ரூபாய் என்றேன்.
பதினெட்டை எண்ணி மேஜையில் வைத்தாள்.

"ரெண்டு குறையுதே?"

தாளை விளக்கடியில் சாய்த்து
மையில் விரல் வைத்தாள். ஒட்டியது.

"இன்னும் காயல.
ஒனக்குப் பழைய கணக்குதான்,
நூத்துக்குப் பத்து."